ஏழடி மனிதரும் ஏழாண்டுச் சொல்லும்

கொடுத்த சொல்லைக் காப்பது நற்பண்பு என்பதை மறுப்பவர் நம்முள் ஒருவரும் இலர். ஆயினும், சொல் கொடுத்த நாளில் இருந்த மனிதர் ஒருவராகவும், அதைக் காக்க வேண்டிய நாளில் இருக்கும் மனிதர் வேறொருவராகவும் மாறிவிடும்போதுதான் நம் உறுதி ஆட்டங்காண்கிறது. "அன்று எனக்கு இது தெரியாது, தெரிந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்" என்னும் பேச்சை நாம் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! நண்பரின் கடனுக்குப் பிணை நின்றவர் இப்படிச் சொல்கிறார். திருமண ஒப்பந்தம் முடிந்தபின் வெளிநாட்டு வேலை கிடைக்கப்பெற்ற இளைஞர் இப்படிச் சொல்கிறார். முதிய பெற்றோரைத் தாமே பார்த்துக்கொள்வதாக உடன்பிறந்தோரிடம் கூறிய மகனும் இப்படியே சொல்கிறார். இவர்களுள் பலர் பொய்யர் அல்லர். சொல் கொடுத்தபோது மனமாரவே கொடுத்தார்கள். அதன்பின் அவர்கள் வளர்ந்தார்கள். வாழ்வு அவர்கள் முன் புதிய கதவுகளைத் திறந்தது. இப்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: ஒருவர் தாம் கொடுத்த சொல்லைவிடப் பெரியவராக வளர்ந்துவிட்டால், அச்சொல் அவரை இன்னும் கட்டுப்படுத்துமா?

இக்கேள்வியை உவமையாக அன்றி, உண்மையாகவே அடிக்கணக்கிலும் அங்குலக்கணக்கிலும் எதிர்கொண்ட ஒருவர் இருக்கிறார். அவர் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டேவிட் ராபின்சன். விளையாட்டுச் செய்தியாக மட்டுமே பலரும் அறிந்த அவரது கல்லூரி வாழ்வை, அறம் பற்றிய ஒரு பாடமாகச் சற்று நின்று நோக்குவது பயன் தரும் என்று எண்ணுகிறோம்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செவர்ன் ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்கும் இடத்தில், அன்னாபொலிஸ் என்னும் நகரம் உள்ளது. அங்கே 1845-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கடற்படைக் கழகம், கடற்படை அதிகாரிகளை உருவாக்கும் கல்லூரியாகும். அங்குப் படிப்போர் கல்விக் கட்டணம் செலுத்துவதில்லை; தங்குமிடமும் உணவும் அரசே தருகிறது; மாதந்தோறும் ஒரு சிறு தொகையும் வழங்கப்படுகிறது. ஆனால் இவற்றுக்கு ஒரு விலை உண்டு. நான்காண்டுப் படிப்பு முடிந்தபின் குறிப்பிட்ட ஆண்டுகள் படையில் பணியாற்றியாக வேண்டும். ராபின்சன் படித்த காலத்தில் அக்கடமை ஐந்தாண்டுகள். முதலாண்டு மாணவர்கள் அங்கே மொட்டையடிக்கப்பெற்று, மூத்தோரின் கட்டளைகளுக்குப் பணிந்து, விடியுமுன் எழுந்து, குரலுயர்த்தி மறுமொழி கூறப் பழகுகிறார்கள். விளையாட்டில் சிறந்தவர் என்பதற்காக இவற்றில் எதுவும் எவருக்கும் குறைக்கப்படுவதில்லை.

டேவிட் ராபின்சன் 1965-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள் ஃபுளோரிடா மாநிலத்தின் கீ வெஸ்ட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அம்புரோஸ் ராபின்சன் கடற்படையில் ஒலியலைக் கருவிகளை இயக்கும் பணியில் இருந்தவர். பிள்ளைக்குப் பள்ளிப் பருவத்தில் ஆர்வமெல்லாம் கணிதத்திலும் மின்கருவிகளிலுமே இருந்தது. வர்ஜீனியா மாநிலத்து மனாசஸ் நகரில் உயர்நிலைப்பள்ளியின் இறுதியாண்டில்தான் அவர் பள்ளியணிக்காகக் கூடைப்பந்து ஆடினார்; அதுவும் அந்த ஓராண்டு மட்டுமே. எனவே 1983-இல் கடற்படைக் கழகத்தில் அவர் சேர்ந்தபோது, உலகப் புகழ்பெற்ற விளையாட்டு வீரராகப் போகிறோம் என்னும் எண்ணத்தோடு சேரவில்லை. கணிதம் படித்து, தந்தையைப் போல் கடற்படையில் பணியாற்ற விரும்பிய ஓர் இளைஞராகவே சேர்ந்தார்.

அன்று அவரது உயரம் ஏறத்தாழ ஆறடி ஏழு அங்குலம். கடற்படைக் கழகம் உயரத்திற்கு ஓர் எல்லை வைத்திருந்தது. கப்பலின் தாழ்ந்த வாயில்களும், நீர்மூழ்கிக் கலத்தின் குறுகிய படுக்கைகளும், விமானியின் இருக்கையும் மிக நெடியோருக்கு இடங்கொடா. ஆறடி ஆறு அங்குலமே பொதுவான வரம்பு. சிலருக்கு மட்டும் இரண்டு அங்குலம் வரை விலக்கு அளிக்கப்பட்டது. அந்த விலக்கின் எல்லைக்குள்தான் ராபின்சன் உள்ளே நுழைந்தார். நுழைந்தபின் அவர் வளர்ந்துகொண்டே போனார். பட்டம் பெறும்போது அவர் ஏழடி ஓர் அங்குலம் இருந்தார்! எந்தப் பணிக்காக அவர் தம்மை ஒப்புக்கொடுத்தாரோ, அந்தப் பணியின் வாயில்களுக்குள் நுழைய இயலாத அளவுக்கு அவரது உடல் வளர்ந்துவிட்டது.

உடலோடு ஆட்டமும் வளர்ந்தது. முதலாண்டில் ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக 7.6 புள்ளிகள் எடுத்த அவர், 1984-85 பருவத்தில் 23.6 புள்ளிகள் எடுத்தார். விரைந்து ஓடும் கால்களும் மென்மையான கைகளும் அத்தகைய உயரத்தோடு சேர்ந்து அமைவது அரிது. தொழில்முறை அணிகளின் கண்கள் அன்னாபொலிஸ் பக்கம் திரும்பத் தொடங்கின.

இங்கேதான் நம் கேள்வி உயிர்பெறுகிறது. அக்கழகத்தில் ஒரு சிறந்த ஏற்பாடு உண்டு. முதல் இரண்டு ஆண்டுகள் வரை எந்த மாணவரும் எந்தக் கடனும் இன்றி வெளியேறலாம். படைக்கடமை அவரைத் தொடராது. படித்த படிப்புக்குப் பணம் கட்டவும் வேண்டுவதில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டின் வகுப்பில் காலடி வைத்துவிட்டால் கட்டுண்டுவிடுகிறார்: இன்னும் இரண்டாண்டுப் படிப்பு, அதன்பின் ஐந்தாண்டுப் பணி, ஆக ஏழாண்டுகள். 1985-இன் கோடையில் ராபின்சன் இந்த வாயிலில் நின்றார். அவர் வேறு கல்லூரிக்கு மாறியிருந்தால், அங்கு ஆடி முடித்தவுடன் நேரே தொழில்முறை ஆட்டத்திற்குச் சென்றிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் சட்டம் அவரைக் குறை கூறியிராது. அறமும் குறை கூறியிராது. ஏனெனில் அதுவரை அவர் இறுதிச் சொல் கொடுத்திருக்கவில்லை.

துறவற சபைகளில் வார்த்தைப்பாடு கொடுக்குமுன் நவதுறவு நிலை என ஒரு காலத்தை வைத்திருப்பதன் பொருளை நாம் அறிவோம். தன்னையும் தான் ஏற்கப்போகும் வாழ்வையும் ஒருவர் அறிந்துகொள்ளவே அக்காலம் தரப்படுகிறது. அக்காலத்தில் விலகிச் செல்பவரை நாம் வாக்குத் தவறியவர் என்று அழைப்பதில்லை. நேர்மையாளர் என்றே மதிக்கிறோம். அதேபோல், அறியாப் பருவத்தில் கொடுத்த சொல்லுக்கும், அறிந்தபின் உறுதிப்படுத்திய சொல்லுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. 1983-இல் ராபின்சன் கொடுத்தது முதல்வகைச் சொல். அவருக்குத் தம் உயரமும் தெரியாது, திறமையும் தெரியாது. 1985-இல் இரண்டுமே தெரிந்திருந்தன. இழக்கப்போவது என்ன என்பதும் ஓரளவு தெரிந்திருந்தது. தெரிந்தே அவர் மூன்றாம் ஆண்டுக்குள் நுழைந்தார். அவரது ஏழாண்டுச் சொல் பிறந்தது அன்றுதான் என்பது நம் எண்ணம்.

அதன்பின் வந்தது அக்கழகத்தின் கூடைப்பந்து வரலாற்றிலேயே ஒளிமிக்க பருவம். 1985-86-இல் கடற்படை அணி 35 ஆட்டங்களில் 30-இல் வென்றது. எதிரணியினர் கூடையை நோக்கி எறிந்த பந்துகளில் 207-ஐ ராபின்சன் அந்த ஒரே பருவத்தில் தடுத்தார். வட கரோலினாவின் வில்மிங்டன் அணியோடு நடந்த ஓர் ஆட்டத்தில் மட்டும் 14 முறை தடுத்தார். இவையிரண்டும் கல்லூரிக் கூடைப்பந்தில் அன்று சாதனைகள். 1986-ஆம் ஆண்டு நடந்த தேசியப் போட்டியில் சிரக்கியூஸ் அணியை அதன் சொந்த அரங்கிலேயே 97-85 எனக் கடற்படை வீழ்த்தியது; ராபின்சன் 35 புள்ளிகள் எடுத்தார். அடுத்து கிளீவ்லாந்து ஸ்டேட் அணியை ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில், இறுதி நொடிகளில் ராபின்சன் இட்ட பந்தினால் வென்றது. நாட்டின் கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாக நின்றபின் டியூக் பல்கலைக்கழகத்திடம் 71-50 எனத் தோற்றது.

அந்தத் தோல்வியிலும் நமக்கொரு செய்தி உண்டு. டியூக் அணியின் பயிற்றுநர் மைக் ஷிஷெஃப்ஸ்கி, சிகாகோ நகரத்துப் போலந்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அவரும் ஒரு படைக் கல்லூரியின் பிள்ளையே. வெஸ்ட் பாயிண்ட் தரைப்படைக் கழகத்தில் கூடைப்பந்து ஆடி, 1969-இல் பட்டம் பெற்று, ஐந்தாண்டுகள் படையில் பணியாற்றிய பின்னரே பயிற்றுநர் தொழிலுக்கு வந்தார். அன்று கடற்படை இளைஞர்களைத் தோற்கடித்தவர், அவர்கள் ஏற்றிருந்த கடமையின் எடையைத் தம் தோளில் சுமந்து அறிந்தவர்.

இறுதியாண்டில் ராபின்சன் ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக 28.2 புள்ளிகள் எடுத்தார். 1987-இல் தம் கடைசிக் கல்லூரி ஆட்டத்தில் மிச்சிகன் அணிக்கு எதிராக 50 புள்ளிகள் எடுத்தும் அவரது அணி தோற்றது. அவ்வாண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான உட்டன் விருதும் நெய்ஸ்மித் விருதும் அவருக்கே கிடைத்தன. தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தெரிவு செய்தபோது, சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி முதல் தெரிவாக அவர் பெயரைச் சொன்னது. அவர் உடனே ஆட வரமாட்டார் என்பதை அறிந்தே சொன்னது.

ஐந்தாண்டுக் கடமை என்ன ஆயிற்று? இங்கேதான் நம் கதை நேர்கோட்டை விட்டு விலகுகிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. ராபின்சனின் உயரம் கடற்பணிக்கு ஒவ்வாதது என்னும் காரணத்தால், அவரது முழுநேரப் பணியை இரண்டாண்டுகளாகக் குறைக்கக் கடற்படைத் துறையின் செயலர் ஜான் லேமன் இசைந்தார். அவரோடு பட்டம் பெற்ற மற்றவர்களுக்கு ஐந்தாண்டுகள் ஐந்தாண்டுகளாகவே நின்றன. அவர்கள் கப்பலேறினார்கள். அவர்களும் அதே மொட்டைத் தலையோடு தொடங்கியவர்களே. அதே வாயிலைக் கடந்து அதே சொல்லைக் கொடுத்தவர்களே. புகழ்பெற்றவருக்கு ஒரு நீதி, பெயரறியாதவருக்கு ஒரு நீதியா என்று அவர்களுள் ஒருவர் கேட்டிருந்தால், நாம் என்ன விடை கூறியிருப்போம்?

இக்கேள்வி அந்நாட்டிலும் எழாமல் இல்லை. அதே கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர் நெப்போலியன் மெக்கலம், பணியில் இருந்துகொண்டே 1986-இல் ஒரு தொழில்முறை அணிக்காக ஆட லேமன் இசைவு தந்திருந்தார். 1987-இல் லேமனுக்குப்பின் பொறுப்பேற்ற ஜேம்ஸ் வெப் அந்த இசைவை நீக்கினார். வெப் அதே கழகத்தில் 1968-இல் பட்டம் பெற்று, வியத்நாம் போரில் காயமுற்றவர். கடமை எவருக்கும் பொதுவானது என்பது அச்செயலின் பொருள். இருப்பினும் ராபின்சனுக்கு அளிக்கப்பட்ட இரண்டாண்டு ஏற்பாடு அப்படியே நின்றது.

இன்னொருவரையும் நினைவுகூர்வோம். ரோஜர் ஸ்டோபக் என்னும் கத்தோலிக்க இளைஞர், 1963-இல் கல்லூரிக் கால்பந்தின் மிக உயர்ந்த விருதான ஹைஸ்மன் விருதைக் கடற்படைக் கழகத்தின் சார்பில் பெற்றவர். 1965-இல் பட்டம் பெற்ற அவர் வியத்நாமில் ஓராண்டு உட்பட நான்காண்டுகள் பணியாற்றினார். 1969-இல், தம் 27-ஆம் வயதில்தான் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியில் சேர்ந்து தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கினார். அவர் முழுவிலையைக் கொடுத்தார். அவரோடு ஒப்பிடும்போது ராபின்சன் கொடுத்தது குறைவே. ஒப்பீடு நம்மை உறுத்தினால் உறுத்தட்டும்.

எனினும் நாம் சில வேறுபாடுகளைக் காண வேண்டும். வாக்கிலிருந்து விலகுவது ஒன்று. வாக்கிலிருந்து விடுவிக்கப்படுவது மற்றொன்று. கடன்பட்டவர் தாமே கடனைத் தள்ளுபடி செய்துகொண்டால் அது ஏமாற்று. கடன் கொடுத்தவர் தள்ளினால் அது சலுகை. வாக்குறுதி குறித்து ஆய்ந்த புனித தாமஸ் அக்வினாஸும், நேர்ச்சையிலிருந்து ஒருவர் தம்மைத் தாமே விடுவித்துக்கொள்ள இயலாது, அதற்குரிய அதிகாரம் பெற்றவரே விடுவிக்க வேண்டும் என்று கற்பித்தார். ஆளும் சூழலும் மாறிவிட்டால் சொன்னதைச் செய்யாதவர் பொய்யராகிவிட மாட்டார் என்பதையும் அவர் ஏற்றார். ராபின்சன் 1985-இல் திறந்திருந்த கதவின் வழியே வெளியேறவில்லை. கதவு மூடியபின் அதை உடைக்கவும் இல்லை. உள்ளிருந்தோர் கதவைப் பாதி திறந்தபோது, அவர்கள் குறித்த நாள்வரை இருந்து வெளியே வந்தார். இது வாக்குத் தவறுதல் ஆகாது.

ஆயினும் இந்த விடை நம் உள்ளத்தை முழுமையாக அமைதிப்படுத்தவில்லை. ஏனெனில் அந்தக் கடனைக் கொடுத்தவர் ஒரு துறைச் செயலர் மட்டும் அல்லர். வரிப்பணத்தால் அவரைப் படிக்க வைத்த மக்களும் கடன் கொடுத்தவர்களே. அவரோடு தோள்சேர்ந்து நின்ற தோழர்களும் ஒருவகையில் அந்த உடன்பாட்டின் பங்காளிகளே. அவர்கள் எவரையும் கேட்டு அந்தச் சலுகை தரப்படவில்லை. அவர் உருவத்தைக் கடற்படை தன் ஆள்சேர்ப்பு விளம்பரங்களிலும் பயன்படுத்திக்கொண்டது; எனவே சலுகை தந்தோருக்கும் அதில் ஆதாயம் இருந்தது. முறைப்படி கிடைத்த விலக்கும்கூட, பெற்றவர் மீது ஒரு கடனை விட்டுச் செல்கிறது. அதைத் தீர்க்கும்படி எவரும் அவரைக் கேட்க மாட்டார்கள். அவரேதான் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சலுகை பெற்றவர் குற்றவாளி அல்லர். ஆனால், தனக்குக் கிடைத்தது தன் உரிமை என்று அவர் எண்ணத் தொடங்கும் நாளில் அவர் குற்றவாளியாகிவிடுகிறார்.

அந்த இரண்டாண்டுகள் எப்படிக் கழிந்தன? ஜார்ஜியா மாநிலத்துக் கிங்ஸ் பே நீர்மூழ்கித் தளத்தில், கடற்படையின் கட்டுமானப் பொறியியல் பிரிவில் இளநிலை அதிகாரியாக அவர் பணிபுரிந்தார். நாட்டின் மிகச் சிறந்த கூடைப்பந்து வீரர் என்று போற்றப்பட்டவர், தம் வயதினர் அரங்குகளில் கைதட்டல் பெற்றுக்கொண்டிருந்த நாள்களில், கட்டுமான வேலைகள் தொடர்பான அலுவலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டின் அணிக்காக ஆட அவருக்கு இசைவு கிடைத்தது. 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் ஆடி வெண்கலப் பதக்கம் பெற்றார். மற்றபடி, ஒரு விளையாட்டு வீரரின் உடல் உச்சத்தில் இருக்கும் 22, 23 வயதுகளை அவர் அத்தளத்தில் செலவிட்டார். அந்த வயதுகள் எந்த வீரருக்கும் திரும்பி வருவதில்லை. இரண்டாண்டு குறைவு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். கொடுத்தவருக்கு அது எளிதன்று.

இதே காலத்தில் இன்னொரு சொல்லும் காக்கப்பட்டது. ஸ்பர்ஸ் அணியோடு ஒப்பமிடாமல் காத்திருந்தால் வேறு அணியைத் தேடும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அவர் 1987-இலேயே அவர்களோடு ஒப்பமிட்டார். அவர் வருவார் என்று அவ்வணி இரண்டாண்டுகள் காத்திருந்தது. 1988-89 பருவத்தில் 82 ஆட்டங்களில் 21-இல் மட்டுமே வென்ற அவ்வணி, அவர் வந்து சேர்ந்த 1989-90-இல் 56 ஆட்டங்களில் வென்றது. பதினான்கு பருவங்கள் அவர் அந்த ஒரே அணியில் ஆடினார். 1999-இலும் 2003-இலும் அவ்வணி வாகை சூடியது; இரண்டாவது வெற்றியோடு அவர் ஓய்வு பெற்றார். 2001-இல் சான் அன்டோனியோ நகரின் கிழக்குப் பகுதியில், வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்காகத் தம் பெருஞ்செல்வத்தைக் கொடுத்துக் கார்வர் கல்விக்கூடத்தை நிறுவினார். பெற்ற சலுகைக்கு ஈடாக அதைச் செய்தார் என்று நாம் சொல்லத் துணியோம். ஒருவரது உள்ளக் கணக்கை வெளியார் எழுத இயலாது. ஆனால், கட்டணமின்றிக் கல்வி பெற்ற ஒருவர், பிறர் பிள்ளைகளின் கல்விக்குக் கொடுத்தார் என்பதை மட்டும் குறித்து வைக்கிறோம்.

இனி நம் முதற் கேள்விக்குத் திரும்புவோம். வளர்ந்துவிட்டவரை அவர் கொடுத்த பழைய சொல் கட்டுப்படுத்துமா? எதிர்காலம் முழுவதும் தெரிந்தபின்தான் சொல் கொடுக்கலாம் என்றால், இவ்வுலகில் எவரும் எவருக்கும் சொல் கொடுக்கவே இயலாது. நோய் வரும் என்று அறியாமலேயே மணமக்கள் கைப்பிடிக்கிறார்கள். பிள்ளை எப்படி வளரும் என்று அறியாமலேயே பெற்றோர் அதை ஏந்திக்கொள்கிறார்கள். நாளை நாம் யாராக இருப்போம் என்பது தெரியாததால்தான் சொல் கொடுக்க வேண்டியிருக்கிறது. நம்மில் மாறக்கூடியவை பல இருக்க, இதுவொன்று மாறாது என்று பிறர் நம்பி நிற்க நாம் தரும் ஒரு தூண் அது. தூணை நட்டவர் உயரமாக வளர்ந்துவிட்டார் என்பதற்காக, அதன்மேல் கூரை வேய்ந்தவரை வெயிலில் விடலாமா?

சில வேளைகளில் சொல்லைக் காப்பது உண்மையிலேயே இயலாமற்போகும். ஏழடி மனிதர் நீர்மூழ்கிக் கலத்தில் படுக்க முடியாது. அப்போது செய்யத்தக்கது, சொல்லைப் பெற்றவர் முன் சென்று நின்று நிலைமையை உரைப்பதும், அவர் விடுவிக்கும் அளவுக்கே விடுதலை கொள்வதும், எஞ்சியதை முணுமுணுப்பின்றிச் செய்வதும் ஆகும். அதற்குப்பின்னும், அதே சொல்லை முழுமையாகச் சுமந்தவர்களை மறவாதிருத்தல் வேண்டும். பிணை நின்ற நண்பரும், வெளிநாட்டு வேலை பெற்ற இளைஞரும், பெற்றோரைக் காப்பதாகச் சொன்ன மகனும் இவ்வளவேனும் செய்யலாம். பேசாமல் நழுவிச் செல்வதற்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது.

நம் வீடுகளிலும் பங்குகளிலும், சிறியவர்களாய் இருந்த நாளில் கொடுத்த சொற்கள் எத்தனையோ கிடக்கின்றன. நாம் வளர்ந்துவிட்டோம், அவை சிறியனவாய்த் தோன்றுகின்றன. ஆனால் அவற்றைப் பெற்றுக்கொண்டவர்களில் சிலர், நாம் சொன்ன அதே இடத்தில், நம்மை எதிர்நோக்கி இன்னும் நின்றுகொண்டிருக்கக்கூடும். ஒருமுறை திரும்பிச் சென்று பார்ப்போமா?